தந்தையின் தொழில்

கடிதத்தைப் படித்ததும் 'அடடா, என்ன நடை!' என்றுதான் பேனாக்காரருக்கு முதலில் தோன்றியது. அடுத்த நொடியே, அந்த நடை தன்னுடையதுதான் என்பது ஞாபகத்துக்கு வந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால், மனை விற்கும் கம்பெனிக்காக அவரே உட்கார்ந்து எழுதிக் கொடுத்த மாதிரிக் கடிதம் அது. 'தங்கள் நலனையும் அண்டை அயலாரின் நிம்மதியையும் ஒருங்கே கருதி' என்று தொடங்கும். அந்த 'ஒருங்கே'யைத் தேடிப் பிடிக்க அன்றைக்கு அரை நாள் ஆயிற்று. இதுவரை அந்தக் கடிதம் நான்கு குடும்பங்களுக்குப் போயிருக்கிறது. ஐந்தாவது அவருடைய சாப்பாட்டு மேசை மேலேயே வந்து விழுந்துவிட்டது.

"என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள் மனைவி, கையில் கரண்டியோடு.

"ஏழு நாள் குடுத்திருக்காங்க."

"எதுக்கு ஏழு நாள்?"

"பதினொன்றாம் விதிப்படி..."

"விதியை யார் கேட்டா? எதுக்குன்னு கேட்டேன்."

"மாப்பிள்ளையும் அவரைச் சேர்ந்தவங்களும் இந்த வீட்ல இருக்கக் கூடாதாம். இருந்தா, வீடு கம்பெனிக்கே திரும்பிடும்."

மனைவி முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல்லை முட்டுக்கொடுத்து உயர்த்தி, அதில் மகளைப் படுக்கவைத்திருந்தார்கள். எட்டாவது மாதம் பாதி தாண்டியிருக்கிறது. போன வருஷம் ஒன்று தங்கவில்லை. இந்த முறை டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: பிரசவம்வரை கட்டிலைவிட்டு இறங்கினால் தாயும் தங்கமாட்டாள், பிள்ளையும் தங்காது. அதற்கு இன்னும் ஆறு வாரம் கிடந்தது.

"அவரைச் சேர்ந்தவங்கன்னா? நம்ம பொண்ணுமா?"

"ம்."

"வயித்துல இருக்கறது?"

"அதைப் பத்தி விதியில தனியா..."

"எழுதின மகராசனுக்கே தெரியலையா!" என்றாள் அவள். கரண்டி மேசை மேல் விழுந்தது. "மாப்பிள்ளையோட அப்பா என்ன வேலை செய்யறார்னு கம்பெனிக்கு யாரு சொன்னா? தெருவுல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாதே?"

இந்தக் கேள்விக்குத்தான் பேனாக்காரர் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தார். சொன்னவர் அவரேதான். அதுவும் வாயால் சொல்லவில்லை. நாற்பது வருஷமாக ஊரே புகழ்ந்த அந்தக் கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்.

குடியிருப்பில் யார் புதிதாக வந்து தங்கினாலும் கம்பெனியின் பெரிய பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பெயர், உறவு, தொழில், தந்தையின் தொழில் என்று நான்கு பத்தி. எந்தப் பத்தியும் காலியாக இருக்கக் கூடாது என்பது பேனாக்காரர் தானே போட்டுக்கொண்ட கட்டளை. காலிக் கட்டத்தைப் பார்த்தால் அவருக்கு முதுகில் அரிக்கும், கை எட்டாத இடத்தில். மூன்று மாதத்துக்கு முன் மகளும் மாப்பிள்ளையும் இங்கே வந்தபோது அந்தப் பதிவையும் அவர்தான் போட்டார். மாப்பிள்ளையின் தொழில் 'அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர்'. சரி. அடுத்த பத்திக்கு வந்தபோது மூளை எங்கோ மேய்ந்துகொண்டிருந்தது, கை மட்டும் தன்பாட்டுக்கு வேலை பார்த்தது. மை காய்ந்த பிறகுதான் என்ன எழுதியிருக்கிறோம் என்று படித்தார்: 'இடுகாட்டில் குழி வெட்டுபவர்.' சுரண்டிப் பார்க்கலாம் என்று பிளேடைக் கையில் எடுத்தும் விட்டார். ஆனால் பதிவேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் கூடக் கிடையாது என்ற பெருமை வந்து குறுக்கே நின்றது. ஆண்டுவிழாவுக்காக மேனேஜர் பதிவேட்டைப் புரட்டும்வரை, யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் இருந்தார்.

இதை அவர் சொல்லி முடித்தபோது மனைவி கரண்டியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அவளுடைய பேச்சுக்குப் பழகியவர் அவர். பேசாமல் இருப்பதற்குப் பழகவில்லை.

"அப்பா," என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. "நான் எழுந்து நடந்து பாக்கட்டுமா? அவரோட அப்பா வீடு பக்கந்தானே?"

"படுத்துக்கம்மா," என்றார் பேனாக்காரர்.

*

கம்பெனியின் கதை அவருக்கு மனப்பாடம். நாற்பதாம் ஆண்டு விழாவுக்காக அதன் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்ததும் அவர்தான்.

நகரத்துக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டி, யாருக்கும் வேண்டாத ஒரு பள்ளத்தை முதலாளி வாங்கினார். காகிதத்தில் தெருக்கள் போட்டார். தெருக்களுக்குப் பூக்களின் பெயர் வைத்தார். பூங்கா ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று. இரண்டும் வரைபடத்தில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் நகரத்திலிருந்து இலவச ரயிலில் ஜனங்களை ஏற்றிக்கொண்டு வந்து சோடா கொடுத்து, பேண்டு வாசித்து, சுண்ணாம்புக் கோடுகளைக் காட்டினார். 'நகரத்தின் புகை இல்லை. நச்சரிப்பு இல்லை. ரோஜா தானாக வளரும் மண்' என்பது விளம்பரம். ஜனங்கள் சோடாவைக் குடித்துவிட்டு அதே ரயிலில் திரும்பிப் போனார்கள்.

ஒரு மனைகூட விற்காத அந்த நாட்களில்தான் இருபத்திரண்டு வயதுப் பேனாக்காரர் எழுத்தராகச் சேர்ந்தார். அவருடைய முதல் வேலை எழுதுவது அல்ல, நடிப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரவல் கோட்டும் குடையுமாக முதல் மனையில் நின்றுகொண்டு, ஏற்கெனவே வாங்கிவிட்ட கனவான் போலத் தரையைக் குடையால் தட்டிப் பார்க்க வேண்டும். "அருமையான இடம் சார், நான் ரெண்டு எடுத்திருக்கேன்" என்று பக்கத்தில் வருகிறவரிடம் சொல்ல வேண்டும். கோட்டின் கை நீளமாக இருந்ததால் சைகை காட்டும்போதெல்லாம் விரல்கள் உள்ளே போய்விடும். அப்படியும் யாரும் வாங்கவில்லை.

"ஜனங்களுக்கு எடம் வேண்டாம்டா பேனா," என்றார் முதலாளி ஒரு நாள். "அவங்களுக்குப் பக்கத்து வீட்ல யார் இருக்கக் கூடாதுன்னு தெரியணும். மரியாதைப்பட்டவங்க வர்ற மாதிரி ஏதாவது எழுதிப் போடு."

ஒரே மதியத்தில் எழுதினார். அதுதான் பதினொன்றாம் விதி. இன்னின்ன தொழில் செய்வோரும் அவர்தம் வழிவந்தோரும் குடியிருப்பில் மனை வாங்கவோ தங்கவோ கூடாது. வேலைக்கு வருவோர் பின்சந்து வழியாகவே வந்து போக வேண்டும். மொத்தம் பதினேழு தொழில். குழி வெட்டுவது ஒன்பதாவது. பட்டியலில் முதலாவதாக 'மலவண்டி ஓட்டுவோர்' என்று போட்டார். முத்து முத்தாக, மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிய எழுத்தில்.

மூன்றே மாதத்தில் நூற்று நாற்பது மனைக்கு முன்பணம் விழுந்தது. முதலாளி மகிழ்ந்து, அந்த முதல் மனையைப் பேனாக்காரருக்கே எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு பத்திரத்திலும் சாட்சிக் கையெழுத்துப் போடும் கௌரவமும் கூடவே வந்தது. 'சாட்சியாவார் குடியிருப்பில் வசிக்கத் தகுதியுள்ள மனைதாரராக இருத்தல் வேண்டும். அன்றேல் பத்திரம் செல்லாது' என்று ஒரு வரியைப் பேனாக்காரர் சேர்த்துக்கொண்டார். தான் இல்லாமல் எதுவும் நடக்கக் கூடாது என்ற சின்ன ஆசை. இன்றுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பத்திரம். எல்லாவற்றிலும் அவர்தான் சாட்சி.

*

மேனேஜருக்கு முப்பத்தைந்து வயது. பேனாக்காரரைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உட்காருங்க பேனா சார். எனக்கே மனசு சரியில்ல. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே."

"ஆறு வாரம் போதும். பிரசவம் ஆனதும் அவங்களே போயிடுவாங்க. இருக்கலாமா, கூடாதா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் எப்படிச் சொல்றது? மனைதாரர் கமிட்டி இருக்கு. கமிட்டிக்கு மேல முதலாளி இருக்கார். விழா வேற பத்து நாள்ல. பத்திரிகைக்காரங்க வருவாங்க..." என்று இழுத்தார் மேனேஜர். "நீங்க எழுதின வரலாறு பிரமாதம் சார். பதினொன்றாம் விதிக்குத் தனி அத்தியாயமே குடுத்திருக்கீங்களாமே!"

கமிட்டித் தலைவர் வீட்டில் அவர் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். பேனாக்காரருக்குக் கோபம் வரவில்லை. அதே தலைவருக்காக, அதே மாதிரி, இவரே எத்தனையோ பேரிடம் 'இல்லை' என்று சொல்லியிருக்கிறார்.

முதலாளிக்கு எண்பத்தெட்டு. ரோஜாத் தோட்டத்தில் மடிமேல் கம்பளியோடு சக்கர நாற்காலியில் இருந்தார். அவர் வாயிலிருந்து 'ஆமாம்' என்றோ 'இல்லை' என்றோ யாரும் கேட்டது கிடையாது. எதற்கும் 'பார்ப்போம்'தான். தேநீர் குடிக்கிறீர்களா என்றாலும் 'பார்ப்போம்'. கம்பெனி அந்த ஒரு சொல்லில்தான் நாற்பது வருஷம் ஓடியது.

"நீ எனக்குப் பிள்ளை மாதிரிடா பேனா," என்றார். "நீ இல்லாம கம்பெனி ஏது?"

"என் பொண்ணு, முதலாளி. அசைஞ்சா உசுருக்கு ஆபத்து."

"ஐயோ பாவம்," என்றார் முதலாளி. கண் கலங்கியே விட்டது. "பார்ப்போம்."

*

ஐந்தாம் நாள் மதியம் பின்கதவை யாரோ தட்டினார்கள். சம்பந்தி. அகலமான தோள், நகக்கண்ணெல்லாம் மண். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இந்த வீட்டுக்கு எட்டு முறை வந்திருக்கிறார். எட்டு முறையும் பின்சந்து வழியாகத்தான். அந்தச் சந்தின் அகலத்தைக்கூடப் பேனாக்காரர்தான் விதியில் எழுதியிருந்தார்: 'ஒரு கைவண்டி போகும் அளவு.' அந்த அளவுக்குச் சரியாக ஒரு கைவண்டி வெளியே நின்றது. மேலே புது மெத்தை, வெளுத்த விரிப்பு.

"மருமகளைக் கூட்டிட்டுப் போக வந்தேன், சம்பந்தி. எனக்கு இருக்கறது ரெண்டு ரூம்தான். ஒண்ணை வெள்ளையடிச்சு வச்சிருக்கேன்."

"வண்டியில எப்படி? குலுங்குமே," என்றார் பேனாக்காரர்.

"இது குலுங்காது. ரப்பர் சக்கரம்." சம்பந்தி தயங்கினார். "இடுகாட்டுக்குப் போற பெட்டி அதிரக் கூடாதுன்னு வச்சது. நல்லா கழுவிட்டேன். ரெண்டு தரம் கழுவினேன்."

பேனாக்காரருக்குப் பின்னால் மனைவி நின்றிருந்தாள். வண்டியைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அழாதீங்கம்மா. என்கிட்ட வேற வண்டி இல்ல," என்றார் சம்பந்தி, ஏதோ தன் தப்புப்போல.

பேனாக்காரர் வாசற்படியில் உட்கார்ந்தார். சம்பந்தியும் சற்றுத் தள்ளிச் சந்துக் கல்லில் உட்கார்ந்தார்.

"உங்க தொழிலைப் பதிவேட்டுல எழுதினது நான்தான்," என்றார் பேனாக்காரர். "என்னைத் திட்ட மாட்டீங்களா?"

"எதுக்குத் திட்டணும்? பொய்யா எழுதினீங்க?"

"நிஜம்தான் எழுதினேன். அதான் தப்பு."

"இதுல என்ன சம்பந்தி தப்பு? இந்தக் காலனிக்காரங்க அத்தனை பேரும் கடைசியில என் கைக்குத்தான் வர்றாங்க. அளவெடுத்து, மூலை பிசகாம வெட்டறேன். உங்க கையெழுத்து மாதிரின்னு வச்சுக்குங்க. எனக்கு மறைக்கத் தெரியாது, மறைக்கணும்னு தோணினதும் இல்ல." பீடியைப் பற்றவைக்கப் போனவர், அது இன்னொருவர் வீட்டு வாசல் என்பது நினைவுக்கு வந்து சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "உங்க அப்பா என்ன பண்ணிட்டிருந்தார்?"

கேட்டவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நாற்பது வருஷத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி அது. பட்டியல் போட்டவனிடம் யார் கேட்பார்கள்? அதற்காகத்தானே பட்டியலையே போட்டார்.

பேனாக்காரர் சந்து முனையைப் பார்த்தார். இந்தப் பள்ளத்துக்கு அவர் கோட்டும் குடையுமாக முதன்முதலில் வந்ததாகத்தான் கம்பெனி நினைத்துக்கொண்டிருந்தது. அவர் ஆறு வயதிலேயே வந்தவர். விடியற்காலையில் நகரத்துக் கக்கூஸ்களையெல்லாம் வாரிக்கொண்டு வரும் இரும்பு வண்டியில், அப்பாவுக்குப் பக்கத்தில், மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு. அப்பா வண்டியைக் கவிழ்த்துக் கொட்டிய இடம் இதுதான். இருபது வருஷம் கொட்டினார். ரோஜா தானாக வளரும் மண் என்று விளம்பரத்தில் எழுதியபோது அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"வண்டி ஓட்டினார்," என்றார் மெதுவாக.

"என்ன வண்டி?"

பேனாக்காரர் எழுந்து நின்றார். "ஒரு நாள் பொறுங்க சம்பந்தி. நாளைக்கு மத்தியானம்வரை. வண்டி இங்கேயே இருக்கட்டும்."

உள்ளே மாப்பிள்ளை மகளின் கால்மாட்டில் உட்கார்ந்து செங்கல்லைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். விரல்களில் ஈயக் கறுப்பு. வரலாற்றைக் கோர்ப்பதும் அவனுடைய அச்சகம்தான். போன வாரம்தான் பதினொன்றாம் விதியைக் கோர்த்து முடித்திருந்தான். அப்பாவின் தொழிலை எழுத்தெழுத்தாக எடுத்து அடுக்கியவன், "ஒன்பதாவது வரியில ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்துது மாமா, சேர்த்துட்டேன்" என்று மட்டும் சொன்னான். அன்றைக்கு அதைப் பேனாக்காரர் வேலைத்திறமை என்று எடுத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, முதல் அத்தியாயத்தைக் கலைக்கணும். புதுசா எழுதித் தர்றேன். ராத்திரிக்குள்ள கோர்க்க முடியுமா?"

"எத்தனை பக்கம் மாமா?"

"ஒண்ணுதான். ஆனா அடித்தல் திருத்தல் இருக்கும்."

*

மறுநாள் காலை கம்பெனி அலுவலகத்தில் பேனாக்காரர் பதிவேட்டின் முதல் பக்கத்தைப் பிரித்தார். முதல் பெயர் அவருடையது. மொத்தப் பதிவேட்டிலும் காலியாக இருந்த ஒரே கட்டம் அந்த வரியில்தான் இருந்தது. முதுகில் நாற்பது வருஷமாக அரித்துக்கொண்டிருந்த இடம். பேனாவை மையில் தோய்த்து, முத்து முத்தாக எழுதினார்: 'மலவண்டி ஓட்டியவர். இந்த நிலத்தை நிரப்பியவர்.' மை காயும்வரை ஊதினார். பிறகு கொண்டுபோய் மேனேஜரின் மேசை மேல் விரித்து வைத்தார்.

மேனேஜர் படித்தார். முதலில் அனுதாபமாகத் தலையாட்டினார். அப்புறம் கணக்குப் புரிந்தது. முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் கழுத்துக்கு இறங்கியது.

"சாட்சி..." என்றார். "பேனா சார், எல்லாப் பத்திரத்துலயும் நீங்கதானே சாட்சி?"

"இருநூத்திப் பன்னிரண்டு."

"எங்க வீட்டுக்கு?"

"உங்க வீட்டுக்கும்தான். தகுதியில்லாத சாட்சி போட்டா பத்திரம் செல்லாது. நல்லா எழுதியிருப்பேன், படிச்சுப் பாருங்க."

அடுத்த கால் மணி நேரத்தில் இருவரும் ரோஜாத் தோட்டத்தில் இருந்தார்கள். ஓடிவந்த மேனேஜர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னதையெல்லாம் முதலாளி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இத்தனை வருஷம் இல்லாம இன்னிக்கு எதுக்குடா எழுதின?"

"காலியா இருந்துது, முதலாளி."

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடு. அந்தக் கடிதத்தையும் கிழிச்சிடலாம். பொண்ணு இருக்கட்டும்."

"பக்கத்துக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கு. கிழிச்சாத் தெரியும்," என்றார் பேனாக்காரர். "அதுவும் போக, முதல் அத்தியாயத்துல அப்பாவைப் பத்தி மாப்பிள்ளை நேத்து ராத்திரியே கோர்த்துட்டார். அச்சு ஓடிட்டிருக்கும்."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு பூந்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். பேனாக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, "இதுல கையெழுத்துப் போட்டா நானும் தகுதியுள்ள சாட்சிதான், பத்திரமும் செல்லும்," என்று நீட்டினார். 'மேற்படி குடும்பத்தார் முதல் மனையில் தங்குவதற்குக் கம்பெனிக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை.' 'ஒருங்கே' எல்லாம் இல்லாத, மொட்டையான ஒரே வரி. மேனேஜர் கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போகும் அளவுக்கு அழுத்தினார்.

"விதியையே எடுத்துடலாமே, முதலாளி? எல்லாருக்குமா."

"பார்ப்போம்," என்றார் முதலாளி.

பேனாக்காரர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். பின்சந்தில் வண்டியோடு சம்பந்தி காத்திருப்பார். அவரை முன்வாசல் வழியாக உள்ளே கூப்பிட வேண்டும். போகலாம் என்று திரும்பியவர் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும், முதலாளி. அன்னிக்கு நான் வேலை கேட்டு வந்தப்போ எங்க அப்பா யாருன்னு தெரிஞ்சிருந்தா, எனக்கு வேலை குடுத்திருப்பீங்களா?"

முதலாளி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். கோட்டுக் கைக்குள் விரல் மறைந்துபோன அந்த இருபத்திரண்டு வயதுப் பையனை எங்கோ தேடுவதுபோலப் பார்த்தார். ரோஜாச் செடிகள் நடுவே ஒரு வண்டு சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை மாதிரி என்றவர் வாயிலிருந்து என்ன வரும் என்று பேனாக்காரருக்குத் தெரியும். மடிமேல் இருந்த கம்பளியை இழுத்துவிட்டுக்கொள்வார். பார்ப்போம் என்பார்.

முதலாளி கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மாட்டேன்," என்றார்.